ஸ்டெப்பர் மோட்டார் வாங்கப் போறீங்களா: டார்க் நம்பர மட்டும் பாத்து எடுக்காதீங்க

ஸ்டெப்பர் மோட்டார்னா பல்ஸ் குடுக்க குடுக்க ஒவ்வொரு ஸ்டெப்பா சுத்துற மோட்டார். அது வாங்கப் போனா எல்லாரும் முதல்ல கேக்குறது "எத்தனை கேஜி டார்க்"னு தான் (டார்க்னா திருகுற பலம்), கடைல இருக்கறவரும் 4.2, 10, 19னு ஒரு நம்பர் சொல்லுவாரு, நம்மளும் பட்ஜெட்டுக்குள்ள பெரிய நம்பரா பாத்து தூக்கிட்டு வந்துடுவோம். அந்த நம்பர் ஹோல்டிங் டார்க்குங்க. கரண்ட் குடுத்து மோட்டார் ஒரே இடத்துல நிக்கும்போது அத வெளில இருந்து திருகி நகத்த எவ்ளோ பலம் வேணும்ங்கறது தான் அது. அதே மோட்டார் 600 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 600 சுத்து) ஓடும்போது எவ்ளோ இழுக்கும்னு அந்த நம்பர் சொல்லவே சொல்லாது. டிரைவரும் (மோட்டாருக்கு கரண்ட அளந்து குடுக்குற போர்டு) பவர் சப்ளையும் சரியா அமையலன்னா அந்த வேகத்துல பாதி கூட மிஞ்சாது. துல்லியமா நகரணும்னு ப்ராஜெக்ட் பண்றவங்க பாக்க வேண்டியது நம்ம வேகத்துல மிச்சம் நிக்கிற டார்க்க, ஏன்னா அந்த மிச்சம் தான் நேரா துல்லியமா மாறுது. எப்படின்னு கணக்கோடயே சொல்றேன்.

பேச வசதியா ரெண்டு மெஷின எடுத்துக்கலாம். ஒண்ணு பெல்ட்ல ஓடுற 3டி பிரிண்டர், ஜிடி2 பெல்ட் (2 மிமீக்கு ஒரு பல்லு), 20 பல் புல்லி, அதாவது மோட்டார் ஒரு சுத்து சுத்துனா 40 மிமீ நகரும். இன்னொண்ணு பிளைவுட்டும் அலுமினியமும் வெட்டுற சின்ன சிஎன்சி ரவுட்டர், 1605 பால் ஸ்க்ரூ (குண்டு வச்ச நட்டு ஓடுற 16 மிமீ திருகுக் கம்பி), ஒரு சுத்துக்கு 5 மிமீ, வெட்டாம சும்மா நகரும்போது நிமிஷத்துக்கு 3000 மிமீ வேகம் வேணும்னு வச்சுக்குவோம். 3000-ஐ 5-ஆல வகுத்தா 600 ஆர்பிஎம். வீட்லயோ சின்ன பட்டறைலயோ துல்லியமான மெஷின் கட்டுறவங்க பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுகிட்ட தான் வந்து நிப்பாங்க.

யூனிட்ட முதல்ல தெளிவு பண்ணிடுவோம். நம்மூர் கடைகள்ல கேஜி சிஎம்னு சொல்றாங்க, டேட்டாஷீட்ல நியூட்டன் மீட்டர்னு இருக்கும், 1 நியூட்டன் மீட்டர்னா 10.2 கேஜி சிஎம். அப்ப 4.2 கேஜி மோட்டார்னா கிட்டத்தட்ட 0.41 நியூட்டன் மீட்டர், 19 கேஜின்னா 1.9 கிட்ட. அப்புறம் நெமா 17, நெமா 23ங்கறது மோட்டாரோட முகத்தோட சைஸ் மட்டும் தான், 17னா 1.7 இன்ச் சதுரம், 23னா 2.3 இன்ச். போல்ட் ஓட்டை எங்க வரும்னு அது சொல்லும், பலத்த பத்தி ஒண்ணும் சொல்லாது. 20 மிமீ நீள ஒல்லி நெமா 17-ம் இருக்கு, 60 மிமீ நீள நெமா 17-ம் இருக்கு, ரெண்டுக்கும் டார்க்ல பல மடங்கு வித்தியாசம். அதனால "நெமா 17 போதுமா"ன்னு கேட்டா பதிலே கிடையாது, நீளத்தையும் கரண்டையும் சேத்து கேக்கணும்.

28பிஒய்ஜே-48னு 5 வோல்ட்ல ஓடுற குட்டி மோட்டார் ஒண்ணு அர்டுயினோ (கத்துக்கறவங்க பயன்படுத்துற குட்டி கண்ட்ரோலர் போர்டு) கிட்லயே வரும், உள்ள பிளாஸ்டிக் கியர் இருக்கு, கிட்டத்தட்ட 64-க்கு 1. ஒரு சுத்துக்கு 2038 ஸ்டெப் வருதுன்னு பாத்து சிலர் இதான் துல்லியமான மோட்டார்னு நினைச்சுக்கறாங்க, ஆனா அந்த கியர்ல ஆட்டம் ஜாஸ்தி, திசை மாத்துனாலே காணாம போற தூரம் பல ஸ்டெப் இருக்கும். கத்துக்கறதுக்கு நல்ல மோட்டார், ஏசி வெண்ட்டோட இறக்கைய திருப்புறதுக்கு நல்ல மோட்டார். துல்லியம்னு பேசுற எடத்துக்கு ஹைப்ரிட் ஸ்டெப்பர் (உள்ள சுத்துற ரோட்டர்ல காந்தமும் பல்லும் சேந்து இருக்கற வகை) தான், இனிமே பேசப் போறதெல்லாம் அது தான்.

1.8 டிகிரியா 0.9 டிகிரியா

வழக்கமான ஹைப்ரிட் மோட்டார் ரோட்டர்ல 50 பல்லு, ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், அதான் 1.8 டிகிரி. 0.9 டிகிரில 100 பல்லு, 400 ஸ்டெப். ரெண்டும் ஒரே சைஸ்ல, ஒரே முகத்தோட கிடைக்குது. 0.9 வாங்குனா துல்லியம் டபுள் ஆயிடும்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல பாதி உண்மை.

டேட்டாஷீட்ல ஸ்டெப் ஆக்யுரசி பிளஸ் மைனஸ் 5 சதவீதம்னு போட்டிருப்பாங்க. 1.8-ல 5 சதவீதம்னா 0.09 டிகிரி. இது ஸ்டெப்புக்கு ஸ்டெப் கூடிக்கிட்டே போகாது, ஆயிரம் ஸ்டெப் போனாலும் பிழை அதே 0.09-க்குள்ள தான், ஸ்டெப்பர் மோட்டாரோட பெரிய அழகே அது தான். பெல்ட் மெஷின்ல இது 0.01 மிமீ, பால் ஸ்க்ரூல 0.00125 மிமீ. சாதாரணமா கிடைக்கிற சி7 கிரேடு பால் ஸ்க்ரூவே 300 மிமீ நீளத்துக்கு 0.05 மிமீ வரைக்கும் தப்பலாம்னு இருக்கும்போது மோட்டாரோட இந்தப் பிழை அதுல 40-ல ஒரு பங்கு. அப்ப ஸ்க்ரூ மெஷின்ல ஸ்டெப் ஆக்யுரசிக்காக 0.9 வாங்குறது வீண் செலவு.

ஆனா வேற ஒரு பிழை இருக்கு, அதப் பத்தி கடைலயும் சொல்ல மாட்டாங்க, நிறைய வீடியோலயும் வராது. ஸ்டெப்பர் மோட்டார் லோடு இல்லாம இருந்தா தான் சொன்ன எடத்துல கரெக்ட்டா நிக்கும். லோடு ஏறுனா ரோட்டர் கொஞ்சம் பின்தங்கும், பின்தங்குனா தான் அதுக்கு டார்க்கே வரும், அதோட இயற்கை அப்படி. எவ்ளோ பின்தங்கும்னா, 1.8 டிகிரி மோட்டார்ல லோடு ஹோல்டிங் டார்க்ல பாதி இருந்தா 0.6 டிகிரி, கால் பங்கு இருந்தா 0.29 டிகிரி, முழுசும் இருந்தா ஒரு முழு ஸ்டெப், அதுக்கு மேல போனா ஸ்டெப் விட்டுடும். 0.6 டிகிரின்னா பெல்ட் மெஷின்ல 0.067 மிமீ. மேல பாத்த 5 சதவீத பிழைய விட ஆறு ஏழு மடங்கு பெருசு! இதுவும் நிக்கும்போது போடற கணக்கு தான், வேகத்துல மோட்டாரோட டார்க் குறையும்போது அதே லோடு பெரிய பங்கா ஆயிடும், பின்தங்கலும் கூடிடும்.

0.9 டிகிரி மோட்டாரோட நிஜமான லாபம் இங்க தான் இருக்கு. பல்லு டபுள்ங்கறதால அதே லோடு பங்குக்கு பின்தங்கல் சரிபாதி, கால் லோடுல 0.145 டிகிரி தான், பெல்ட்ல 0.016 மிமீ. அதனால பெல்ட்ல ஓடுற எக்ஸ், ஒய் அச்சுக்கு 0.9 போடுறது அர்த்தமுள்ள செலவு. அதுக்கு விலை வேகத்துல கட்டணும், ஒரு சுத்துக்கு ஸ்டெப் டபுள்ங்கறதால காயில்ல கரண்ட் டபுள் வேகமா மாறணும், அதனால அதே ஆர்பிஎம்ல 0.9-ஓட டார்க் சீக்கிரமே சரிஞ்சிடும். கண்ட்ரோலரும் டபுள் பல்ஸ் அனுப்பணும். அர்டுயினோ ஊனோல ஜிஆர்பிஎல் (சிஎன்சி மெஷின ஓட்டுற ப்ரோக்ராம்) ஓட்டுறீங்கன்னா அது செகண்டுக்கு 30,000 பல்ஸ் பக்கம் தான் தாங்கும், 0.9 மோட்டார்ல 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்ப டிரைவர் 16-ஆ பிரிச்சு ஓட்டுறது) வச்சா ஒரு சுத்துக்கு 6400, 600 ஆர்பிஎம்முக்கு செகண்டுக்கு 64,000, நடக்காது. 1.8-ல 8 மைக்ரோஸ்டெப் வச்சா 16,000, தாராளமா நடக்கும். ஈஎஸ்பி32-லயோ 32 பிட் போர்டுலயோ ஓட்டுறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல.

மைக்ரோஸ்டெப்பிங்க நம்பி ஏமாறாதீங்க

"1.8 வாங்கி 256 மைக்ரோஸ்டெப் வச்சா 51,200 ஸ்டெப் ஆச்சே, அப்புறம் என்ன"ன்னு கேப்பாங்க. ஸ்டெப் வரும், ஆனா ஒவ்வொரு மைக்ரோஸ்டெப்புக்கும் கிடைக்கிற டார்க் ரொம்ப கம்மி. 16 மைக்ரோஸ்டெப்ல ஒரு மைக்ரோஸ்டெப் தள்ளுனா வர்ற கூடுதல் டார்க் ஹோல்டிங்ல 9.8 சதவீதம், 32-ல 4.9, 256-ல 0.6 சதவீதம் தான். உராய்வு அத விட ஜாஸ்தி இருந்தா ஷாஃப்ட் நகராது, நாலஞ்சு பல்ஸ் சேந்து வந்த பிறகு டக்குனு நகரும். மைக்ரோஸ்டெப்பிங் வைக்கிறது சத்தம் குறையறதுக்கும், அதிர்வு குறையறதுக்கும், கம்மி வேகத்துல வர்ற ரெசனன்ஸ் (குறிப்பிட்ட வேகத்துல அதிர்வு பெருகுறது) அடங்குறதுக்கும், அதுக்கு அது அருமையான விஷயம். 8-ல இருந்து 16 வைங்க, டிரைவரே உள்ளுக்குள்ள 256 ஆக்கி ஓட்டுற வசதி இருந்தா அதையும் ஆன் பண்ணிக்கோங்க, துல்லிய கணக்குல மட்டும் அத சேக்காதீங்க.

இப்ப வேகத்துல டார்க் ஏன் விழுதுன்னு பாப்போம், வாங்குற முடிவுல பாதி இதுல தான் இருக்கு.

மார்க்கெட்ல அதிகமா கிடைக்கிற 40 மிமீ நீள நெமா 17 ஒண்ண எடுத்துக்கோங்க, 1.7 ஆம்பியர், காயில் 1.5 ஓம், இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறறத காயில் எதிர்க்குற அளவு) 2.8 மில்லிஹென்ரி. 600 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 2000 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 0.5 மில்லிசெகண்ட் தான் டைம். 12 வோல்ட் சப்ளைல இந்தக் காயில்ல கரண்ட் பூஜ்யத்துல இருந்து 1.7 ஆம்பியர் ஏறவே 0.45 மில்லிசெகண்ட் ஆகும், அதுவும் மோட்டார் சுத்தும்போது அதுவே எதிரா உண்டாக்குற வோல்டேஜ கணக்குல சேக்காம. அதையும் சேத்தா கரண்ட் முழுசா ஏறாது, ஏறுறதுக்குள்ள அடுத்த ஸ்டெப் வந்துடும். கரண்ட் இல்லன்னா டார்க் இல்ல. அதே மோட்டாருக்கு 24 வோல்ட் குடுத்தா 0.21 மில்லிசெகண்ட்ல ஏறிடும். ஒரு ரூபா கூட மோட்டார்ல கூட போடாம பவர் சப்ளைய மட்டும் மாத்துனா வேகத்துல டார்க் இவ்ளோ கூடுது பாருங்க.

இங்க நிறைய பேர் பயப்படுவாங்க, மோட்டார் ஸ்டிக்கர்ல 2.5 வோல்ட்னு போட்டிருக்கே, 24 குடுத்தா எரிஞ்சுடாதான்னு. அந்த 2.5ங்கறது 1.7-ஐ 1.5 ஓம்மோட பெருக்குனா வர்ற நம்பர், அவ்ளோ தான். இப்ப வர்ற டிரைவர் எல்லாம் கரண்ட வெட்டி வெட்டி செட் பண்ண அளவுலயே நிறுத்தி வைக்கும், அதனால வோல்டேஜ் ஜாஸ்தி இருக்கறது நல்லது தான். எவ்ளோ வரைக்கும் போலாம்னு ஜெக்கோடிரைவ்ங்கற டிரைவர் கம்பெனிக்காரங்க குடுத்த ஒரு கணக்கு ரொம்ப வருஷமா புழக்கத்துல இருக்கு, இண்டக்டன்ஸ மில்லிஹென்ரில எடுத்து அதோட ஸ்கொயர் ரூட்ட 32-ஆல பெருக்கணும். 2.25 மில்லிஹென்ரின்னா 48 வோல்ட், 4-ன்னா 64, 2.8-ன்னா 53 சொச்சம். இது உச்ச வரம்பு, இவ்ளோ குடுத்தே ஆகணும்னு இல்ல, இதுக்கு மேல குடுத்தா மோட்டார் தேவையில்லாம சூடாகும்.

இதுல இருந்து வாங்கும்போது பயன்படுற விஷயம் ஒண்ணு வருது. ஒரே ஹோல்டிங் டார்க், ஒரே சைஸ்ல ரெண்டு மோட்டார் இருந்தா ஆம்பியர் ஜாஸ்தியும் இண்டக்டன்ஸ் கம்மியும் இருக்குறத எடுங்க. 1 ஆம்பியர் 8 மில்லிஹென்ரி மோட்டார் நின்னா கல்லு மாதிரி நிக்கும், வேகம் ஏத்துனா மூச்சு விட்டுடும். 8 வயர் மோட்டார் கைல இருந்தா காயில்கள பேரலல்ல சேருங்க, சீரிஸ்ல சேக்குறதோட ஒப்பிட்டா இண்டக்டன்ஸ் நாலுல ஒண்ணு தான், கரண்ட் டபுள் கேக்கும், அத டிரைவர் தாங்கணும். மெதுவா மட்டுமே ஓடுற மெஷினுக்கு, டெலஸ்கோப் மவுண்ட் மாதிரி, சீரிஸே போதும், டிரைவரும் சின்னதா முடிஞ்சுடும்.

ரவுட்டருக்கு எவ்ளோ வேணும்

வெட்டுற விசையும் உராய்வும் சேத்து தாராளமா 300 நியூட்டன் வச்சுக்குவோம், அதாவது 30 கிலோ தள்ளுற அளவு. 300-ஐ லீட் (ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு நகத்துற தூரம்) 0.005 மீட்டரால பெருக்கி, 2 பையாலயும் பால் ஸ்க்ரூவோட எஃபிஷியன்சி 0.9-ஆலயும் வகுத்தா 0.27 நியூட்டன் மீட்டர். அடுத்து ஆக்சிலரேஷன். 600 மிமீ நீள 16 மிமீ ஸ்க்ரூவோட சுழல் நிறை (சுத்த வைக்க எவ்ளோ கஷ்டம்ங்கற அளவு) 300 கிராம் சதுர சென்டிமீட்டர் பக்கம் வரும், 76 மிமீ நீள நெமா 23 ரோட்டரோடது 450 பக்கம், ரெண்டையும் 0.1 செகண்டுல 600 ஆர்பிஎம் ஏத்த இன்னொரு 0.05. கவனிச்சீங்கன்னா மோட்டார் தன்னைத் தானே சுத்த வைக்கவே இதுல பாதிக்கு மேல செலவழிக்குது, அதனால தான் தேவைக்கு மீறி பெரிய மோட்டார் போட்டா மெஷின் வேகமாகறதுக்கு பதிலா மந்தமாகுது. நெமா 34 வாங்கி சின்ன ரவுட்டர்ல மாட்டுறவங்களுக்கு இத அழுத்தி சொல்லணும், அதோட இண்டக்டன்ஸும் ரோட்டர் கனமும் சேந்து 36 வோல்ட்ல அத வேகமா ஓட விடாது.

மொத்தம் 0.32, அதுக்கு ரெண்டு மடங்கு கையிருப்பு வச்சா 0.65 நியூட்டன் மீட்டர், 600 ஆர்பிஎம்ல. இப்ப டேட்டாஷீட்ல டார்க் ஸ்பீடு கர்வ் (எந்த வேகத்துல எவ்ளோ டார்க்னு காட்டுற வரைபடம்) எடுங்க, உங்க டிரைவர் வோல்டேஜுக்கு போட்ட கர்வா பாருங்க, 600-ல மேல போயி தொடுற எடம் 0.65-க்கு மேல இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த மோட்டார் சரி. ஹோல்டிங் 0.65 இருக்குற நீள நெமா 17 இந்த வேலைக்கு ஆகாது, 600-ல அதுகிட்ட அந்த டார்க் இருக்காது. ஹோல்டிங் 1.9 பக்கம் இருக்குற, 76 மிமீ நீள, 2.8-ல இருந்து 3 ஆம்பியர் நெமா 23 இதுக்கு சரியா பொருந்தும், 3 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கு போக வேண்டியதில்ல. பின்தங்கல் கணக்கும் நல்லா வருது, 1.9-ல 0.3 லோடுன்னா 0.18 டிகிரி, ஸ்க்ரூல 0.0025 மிமீ.

பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் மட்டும் தான் வெட்டுவீங்க, வேகம் நிமிஷத்துக்கு 1000 மிமீ போதும்னா நீள நெமா 17-லயே முடிக்கலாம், நிறைய குட்டி ரவுட்டர் அப்படித்தான் ஓடுது. ஆனா பின்னாடி அலுமினியம் வெட்டணும்னு ஆசை வரும்னு தெரிஞ்சா பிராக்கெட்ட மட்டுமாவது நெமா 23-க்கு போட்டு வைங்க.

டிரைவரும் பவர் சப்ளையும்

மோட்டாருக்கு பாத்து பாத்து செலவழிச்சுட்டு டிரைவர்ல மிச்சம் பிடிக்கிறது நான் அதிகமா பாக்குற விஷயம், எனக்கு அது மனசுக்கு ஒப்பவே ஒப்பாது. சுமாரான மோட்டாரும் நல்ல டிரைவரும் இருந்தா, நல்ல மோட்டாரும் சுமாரான டிரைவரும் இருக்குறத விட மெஷின் நல்லா ஓடும்.

நெமா 17-க்கு ஏ4988 பழசு, 35 வோல்ட் வரைக்கும் தாங்கும், 16 மைக்ரோஸ்டெப், வேலை பாக்கும், ஆனா சத்தம். டிஆர்வி8825 45 வோல்ட், 32 மைக்ரோஸ்டெப், பேப்பர்ல பாத்தா மேல தான், ஆனா இண்டக்டன்ஸ் கம்மியான மோட்டார்ல கம்மி கரண்ட் பகுதில மைக்ரோஸ்டெப் ஒழுங்கா வராம பிரிண்ட் மேல வரி வரியா விழும். டிஎம்சி2209 இப்ப பிரிண்டருக்கு கண்ண மூடிட்டு சொல்லலாம், சத்தமே இருக்காது, 29 வோல்ட் தான் வரம்புங்கறதால 24 வோல்ட் சப்ளை. அதுல ஸ்டெல்த்சாப், ஸ்ப்ரெட்சைக்கிள்னு ரெண்டு மோடு இருக்கு, வேகமும் டார்க்கும் முக்கியம்னா ஸ்ப்ரெட்சைக்கிள் வைங்க, கொஞ்சம் சத்தம் வரும், பரவால்ல. 36, 48 வோல்ட்ல நெமா 17 ஓட்டணும்னா டிஎம்சி5160, 60 வோல்ட் வரைக்கும் போகும்.

நெமா 23-க்கு டிபி6600னு பேர் போட்டு சல்லிசா ஒரு டப்பா வருது, உள்ள தோஷிபாவோட அந்த சிப் இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, பலதுல வேற சிப் தான் இருக்கு, அது தாங்குற கரண்டும் வோல்டேஜும் வேற. அதுக்கு பதிலா டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர் எடுங்க, 20-ல இருந்து 50 வோல்ட், 4.2 ஆம்பியர் பீக், நடு வேகத்துல மோட்டார் உளறுற ரெசனன்ஸ அதுவே அடக்கும், மோட்டார் அதே இருந்தாலும் ஓட்டம் எவ்ளோ மாறுதுன்னு காதுலயே தெரியும். 50 வோல்ட் டிரைவருக்கு 48 வோல்ட் சப்ளை போடாதீங்க, மோட்டார் பிரேக் பிடிக்கும்போது சக்தி திரும்பி வந்து வோல்டேஜ ஏத்தும், 36 வோல்ட் தான் நிம்மதி. கரண்ட் செட் பண்ற டிப் ஸ்விட்ச் (குட்டி ஸ்விட்ச் வரிசை) அட்டவணைல பீக் (உச்சம்), ஆர்எம்எஸ் (ஒரு வகை சராசரி)னு ரெண்டு வரிசை இருக்கும், பீக்குங்கறது ஆர்எம்எஸ்ஸ விட 1.41 மடங்கு, மோட்டார் ஸ்டிக்கர்ல இருக்குற ஆம்பியர ஆர்எம்எஸ் வரிசையோட ஒப்பிடுங்க, முதல்ல 70, 80 சதவீதத்துல வச்சு ஓட்டி பாத்துட்டு தேவைன்னா ஏத்துங்க.

சூடு பத்தி ஒண்ணு. ஸ்டெப்பர் நிக்கும்போதும் கரண்ட் குடிக்கும், மேல் உடம்பு 70, 80 டிகிரி போனாலும் மோட்டாருக்கு கேடு இல்ல, காயில் இன்சுலேஷன் கிளாஸ் பி-ன்னா 130 டிகிரி வரைக்கும். ஆனா பிஎல்ஏல பிரிண்ட் பண்ண பிராக்கெட் 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், நம்மூர் மே மாச வெயில்ல அறையே 40 இருக்கும்போது அங்க போய் சேர ரொம்ப நேரம் ஆகாது. மோட்டார் பிராக்கெட் அலுமினியம் தகட்டுல இருந்தா அது சூட்டையும் இழுத்துக்கும், வளையவும் வளையாது.

க்ளோஸ்டு லூப் வேணுமா

பின்னாடி என்கோடர் (ஷாஃப்ட் எங்க நிக்குதுன்னு அளக்குற சென்சார்) வச்ச ஸ்டெப்பர் தான் க்ளோஸ்டு லூப், அது இப்ப விலை இறங்கி வருது, வழக்கமா 1000 லைன் என்கோடர், ஒரு சுத்துக்கு 4000 எண்ணிக்கை, 0.09 டிகிரி. அதோட நன்மை நிஜமானது, ஸ்டெப் விட்டா தெரிஞ்சுக்கும், பின்தங்குனா சரி பண்ணும், முடியலன்னா அலாரம் குடுத்து மெஷின நிறுத்தும், லோடு இல்லாதப்ப கரண்ட குறைச்சுக்கறதால சூடும் கம்மி. மூணு மணி நேரம் ஓடற அலுமினிய வேலைல ரெண்டரை மணி நேரத்துல ஸ்டெப் விட்டு பீஸ் வீணாகறத நினைச்சா அந்த அலாரம் ஒண்ணுக்கே காசு தகும். கஸ்டமருக்கு வெட்டி குடுக்குறவங்க யோசிக்காம வாங்கலாம்.

ஆனா அது என்ன பண்ணாதுன்னும் தெரியணும். இல்லாத டார்க்க அது உருவாக்காது, 600-ல 0.4 தான் வருதுன்னா என்கோடர் வச்சாலும் 0.4 தான். அப்புறம் அது பாக்குறது மோட்டார் ஷாஃப்ட்ட மட்டும் தான், ஸ்க்ரூ நட்டுல இருக்குற ஆட்டமோ, கப்ளிங் முறுக்கமோ, பெல்ட் இழுவையோ அதுக்கு தெரியாது. பேக்லாஷ் (திசை மாத்தும்போது வர்ற ஆட்டம்) 0.1 மிமீ இருக்குற மெஷின்ல க்ளோஸ்டு லூப் போட்டா பேக்லாஷ் 0.1 அப்படியே இருக்கும். அந்த காச முதல்ல ஸ்க்ரூவுலயும் பேரிங்லயும் போடுங்க. ஹாபிக்கு கட்டுறவங்களுக்கு என் தேர்வு, சரியா கணக்கு போட்டு எடுத்த, என்கோடர் இல்லாத ஓப்பன் லூப் மோட்டார். ஏசி செர்வோ 3000 ஆர்பிஎம் பக்கம் ஓடுறதுக்கு செஞ்சது, 5 மிமீ ஸ்க்ரூல 600, 1000-லயே வேலை முடியுற மெஷினுக்கு அதுவரைக்கும் போக வேணாம்.

கியர் பாக்ஸ் வச்ச ஸ்டெப்பர் சிலர் ரெசல்யூஷனுக்காக கேக்குறாங்க. விலை கம்மி பிளானட்டரி கியர்ல ஒரு டிகிரி பக்கம் ஆட்டம் இருக்கும், 5-க்கு 1 கியர்ல ஒரு ஸ்டெப்புக்கு 0.36 டிகிரி தான், அப்ப கிட்டத்தட்ட மூணு ஸ்டெப் அந்த ஆட்டத்துலயே போயிடும். ஒரே திசைல மெதுவா சுத்துற டெலஸ்கோப் மவுண்ட், வானம் நகர்ற வேகம் செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் தான், அங்க 0.9 டிகிரி மோட்டாரும் பெல்ட் ரிடக்‌ஷனும் அழகா வேலை செய்யும். முன்னும் பின்னும் போற மெஷினுக்கு சல்லிசு கியர் வேணாம்.

எந்த கம்பெனி

ஓரியண்டல் மோட்டார், சான்யோ டெங்கி, மினெபியா இதெல்லாம் ஜப்பான், நானோடெக் ஜெர்மனி. இவங்க மோட்டார்ல நம்ம காசு குடுக்குறது எதுக்குன்னா கர்வ் நிஜமா இருக்கும், எந்த வோல்டேஜ்ல எந்த டிரைவரோட எடுத்ததுன்னு போட்டிருக்கும், பத்து மோட்டார் வாங்குனா பத்தும் ஒரே மாதிரி இருக்கும். ஓரியண்டல்ல 5 ஃபேஸ் மோட்டாரும் உண்டு, 0.72 டிகிரி, அதிர்வு ரொம்ப கம்மி, ஆனா டிரைவரும் அதுக்குன்னே தனியா வாங்கணும், லேப் மெஷின் செய்யறவங்களுக்கு சரி. சீனால மூன்ஸ், எல்டிஓ, லீட்ஷைன் மூணுமே டேட்டாஷீட்ட ஒழுங்கா போடுறவங்க, வோரான் மாதிரி பிரிண்டர் கட்டுறவங்க எல்டிஓ அதிகமா போடுறாங்க. நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இந்த ரகமே போதும், ஜப்பான் வரைக்கும் போகத் தேவையில்ல. ஒரு மோட்டாருக்கு கர்வும் இல்ல, இண்டக்டன்ஸும் போடல, வெறும் "ஹை டார்க்"னு மட்டும் எழுதியிருக்குன்னா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் விட்டுடுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நேர்ல வாங்குறவங்களும் மாடல் நம்பர ஃபோன்ல போட்டு டேட்டாஷீட் வருதான்னு அங்கயே பாத்துட்டு வாங்குங்க.

மோட்டார் கைக்கு வந்ததும் ரெண்டு காயிலோட ஓம்ம மல்டிமீட்டர்ல அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும், டேட்டாஷீட்டோட ஒத்து வரணும். ஒரு காயிலோட ரெண்டு வயரையும் ஒண்ணா சேத்து ஷாஃப்ட்ட திருகுனா கனமா தெரியணும், ரெண்டு காயில்லயும் அதே கனம். ஷாஃப்ட்ட பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுனா ஆட்டம் தெரியக் கூடாது. சாதாரண நெமா 17 ஷாஃப்ட் பக்கவாட்டுல 28 நியூட்டன், நீளவாக்குல 10 நியூட்டன் பக்கம் தான் தாங்கும், அதனால புல்லிய மோட்டார் முகத்துக்கு ஒட்டி மாட்டுங்க, பெல்ட்ட கிட்டார் கம்பி மாதிரி முறுக்காதீங்க, ஸ்க்ரூவோட தள்ளுவிசைய பிகே12 மாதிரி பேரிங் பிளாக் தாங்கணும், மோட்டார் ஷாஃப்ட் தாங்கக் கூடாது. உள்ள எப்படி இருக்குன்னு பாக்க மோட்டார கழட்டாதீங்க, ரோட்டர வெளில எடுத்தா காந்தம் பலம் இழந்துடும், திரும்ப மாட்டுனாலும் பழைய டார்க் வராது.

ஓட்ட ஆரம்பிச்ச பிறகு அளவு தப்புனா உடனே மோட்டார மாத்த கிளம்பாதீங்க, டயல் கேஜ் வச்சு எவ்ளோ தப்புதுன்னு பாருங்க. ஸ்டெப்பர் ஸ்டெப் விட்டா ஒண்ணு ரெண்டா விடாது, நாலு முழு ஸ்டெப்போட மடங்குல விடும், அதாவது 7.2 டிகிரி, பெல்ட் மெஷின்ல 0.8 மிமீ, 5 மிமீ ஸ்க்ரூல 0.1 மிமீ. தப்பு அந்த அளவோட மடங்கா வந்தா, வந்த பிறகு திரும்பி சரியாகாம அப்படியே நின்னா, டார்க் பத்தல, வோல்டேஜ ஏத்தணும் இல்ல ஆக்சிலரேஷன குறைக்கணும். 0.02, 0.03-ன்னு வந்து திசை மாத்தும்போது மட்டும் தெரிஞ்சா அது நட்டு, கப்ளிங், பேரிங் வேலை, எவ்ளோ விலை மோட்டார் போட்டாலும் அது போகாது.